காலி செய்யும்போது பிடிக்கும் ஒரு மாத வாடகை

பெரம்பலூரிலும் அரியலூரிலும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வீடு விடுகிறவர்கள் பலரும், ஏன், அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும்கூட, ஒன்றை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். காலி செய்யும்போது வெள்ளையடிக்கவும் வீட்டைக் கழுவிவிடவும் ஒரு மாத வாடகையை அட்வான்ஸிலிருந்து பிடித்துக்கொள்வார்கள், மீதியைத்தான் தருவார்கள், அதுதான் ஊர் வழக்கம், அது ஞாயமும்தான் என்பது அந்தக் கருத்து. துறைமங்கலத்திலும் நான்கு ரோட்டுப் பக்கமும் நாலைந்து பேராகச் சேர்ந்து வீடு எடுக்கிற மாணவர்களும், அரியலூரில் செந்துறை சாலை, ஜெயங்கொண்டம் சாலைப் பக்கம் தங்கிப் படிக்கிறவர்களும், கடைசித் தேர்வு முடிந்த கையோடு மூட்டை கட்டும் அவசரத்தில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். இந்தக் கழிவு சட்டப்படியும் செல்லாது, கணக்குப்படியும் செல்லாது. இதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாலே அது தெரியும்.

முதலில் சொல்லப்படுவது வழக்கம். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள கடமைகளைச் சொல்லத் தொடங்கும்போதே, ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ வேறு விதமாக இல்லாதபோது இவை பொருந்தும் என்றுதான் தொடங்குகிறது. ஆகவே வழக்கம் என்று ஒன்று மெய்யாகவே இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் நீதிமன்றம் ஏற்கும் வழக்கத்துக்கு அளவுகோல் உண்டு. அது நிச்சயமானதாக, எல்லோரிடமும் ஒரே மாதிரியானதாக, நியாயமானதாக இருக்க வேண்டும். அதை நிரூபிக்கும் பொறுப்பும் வழக்கம் என்று சொல்கிறவருடையது. ஒரு தெருவில் ஒருவர் முழு மாத வாடகை பிடிக்கிறார், அடுத்தவர் பாதி, மூன்றாமவர் வாய்க்கு வந்த தொகை. குடும்பம் காலி செய்தால் ஒரு கணக்கு, பேச்சிலர் பையன்கள் காலி செய்தால் இன்னொரு கணக்கு. ஆளுக்கு ஆள் மாறுவதைச் சட்டம் வழக்கம் என்று எடுத்துக்கொள்ளாது. வாங்குகிறவரின் துணிச்சலும் கொடுக்கிறவரின் தயக்கமும் சேர்ந்து தீர்மானிக்கிற தொகை அது.

மேலும், வழக்கத்தைத் தேடிப் போக வேண்டிய தேவையே இப்போது குறைந்துவிட்டது. 1960-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாடு சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 11-ஆம் பிரிவு அட்வான்ஸைப் பற்றியது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி ஏதும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். கழிக்கலாம் என்று சட்டமே சொல்கிறதே என்பார்கள். ஆம், பாக்கி இருந்தால் கழிக்கலாம். வாடகை பாக்கி, கரண்ட் பில், உடைந்த கண்ணாடி எல்லாம் பாக்கிதான். வெள்ளையடிப்பது யாருடைய பாக்கி? அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாத வரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்ச், பிளக், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி ஆகியவற்றைச் சரிசெய்வது குடியிருப்பவரின் பொறுப்பு. ஆக, ஒரு மாத வாடகையைப் பிடிக்கும்போது முதலில் சொல்லப்படும் செலவே குடியிருப்பவருடையது அல்ல.

அடுத்து வருவது, பையன்கள் குடியிருந்தால் வீடு நாசமாகிவிடும் என்பது. சிலர் நாசமாக்குகிறார்கள் என்பது உண்மைதான். அடுப்படிச் சுவரில் எண்ணெய் பிசுக்கு ஒரு விரல் கனத்துக்கு ஏறியிருந்தால், அறை மூலையில் குப்பையைக் குவித்துவிட்டுப் போனால், சுவரில் கிறுக்கி வைத்தால், அந்தச் செலவை அவர்கள்தான் ஏற்க வேண்டும். இதில் மாணவர் பக்கம் நின்று வாதாட ஒன்றுமில்லை. ஆனால் அழுக்கு வேறு, தேய்மானம் வேறு. சொத்து மாற்றச் சட்டமும் 2017-இன் சட்டமும் சொல்வது ஒன்றே: வீட்டை எந்த நிலையில் வாங்கினீர்களோ அந்த நிலையில் திருப்பித் தாருங்கள், இயல்பான தேய்மானம் நீங்கலாக. கட்டில் உராய்ந்த கோடு, நாற்காலி பட்ட இடம், வெயிலில் வெளிறிய டிஸ்டம்பர், கை பட்டுப் பட்டு மங்கிய கதவு ஓரம் எல்லாம் மனிதர் குடியிருந்ததன் அடையாளம். அதற்காகத்தான் மாதாமாதம் வாடகை வாங்கப்படுகிறது. பஸ்ஸில் பயணம் செய்தவர் இறங்கும்போது டயர் தேய்ந்ததற்குத் தனியாகக் காசு கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

இந்த இரண்டு மாவட்டங்களில் இந்த வேறுபாட்டுக்கு இன்னும் அழுத்தமான காரணம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரர்கள் காலி செய்யும் நாளில் முதலில் சுட்டிக்காட்டுவது பாத்ரூம் டைல்ஸில் படிந்த வெள்ளைக் கறையையும், குழாயிலும் வாளியிலும் ஏறிய உப்பையும், தரையின் மங்கலையும்தான். அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. கடல் மூடிக் கிடந்த காலத்துச் சிப்பிகளும் நத்தைகளும் இன்றும் கல்லாய்க் கிடைக்கிற இடம். அந்தக் கல்லை நம்பித்தான் ரெட்டிபாளையத்திலும் தளவாயிலும் கோவிந்தபுரத்திலும் சிமெண்ட் ஆலைகள் வந்தன. அந்தப் பாறை வழியே ஊறி வருகிற போர்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருக்கத்தான் செய்யும். தண்ணீர் காயும் இடமெல்லாம் வெள்ளைப் படலம் நிற்கத்தான் செய்யும். பெரம்பலூரில் கடினப்பாறைக்குள் ஆழமாக இறக்கிய போரிலும் உப்புத் தண்ணீர் புதிதல்ல. தினமும் தேய்த்துக் கழுவுகிற குடும்பத்தின் பாத்ரூமிலும் அதே கறை இருக்கும். சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலையோர வீட்டின் ஜன்னல் வலையில் படியும் தூசியும் அப்படித்தான். கரிசல் மண்ணில் அஸ்திவாரம் போட்ட வீடு, மழையில் மண் உப்பி, கோடையில் சுருங்கும்போது சுவரில் மயிரிழை வெடிப்பு விடுவதும் அப்படித்தான். மண்ணும் தண்ணீரும் செய்ததற்கு, பத்து மாதம் தங்கிப் படித்துவிட்டுப் போகிற பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் காசு பிடிப்பது எந்த வகையில் ஞாயம்? கறை புதிதா பழையதா என்று பார்க்க, வீட்டுக்குள் வந்த நாளில் எடுத்த ஒரு போட்டோகூடப் பெரும்பாலும் இருப்பதில்லை.

சரி, செலவு மெய்யான செலவுதானே, அதை யார் ஏற்பது என்று கேட்பார்கள். மூன்றாவது வாதம் இது. மற்றவற்றைவிட இதற்குத்தான் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு கணக்குக்கு, மாத வாடகை எட்டாயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு முறை மாணவர்கள் மாறுகிறார்கள், ஒவ்வொரு முறையும் எட்டாயிரம் பிடிக்கப்படுகிறது. நான்கு ஆண்டில் 32,000 ரூபாய். அந்த நான்கு ஆண்டில் வீட்டுக்கு எத்தனை முறை பெயிண்ட் அடிக்கப்பட்டது? ஒருமுறை அடித்திருந்தால் மற்ற மூன்று முறை பிடித்த 24,000 எந்தச் செலவுக்கு? பன்னிரண்டு மாதம் குடியிருந்தவரிடம் பதின்மூன்று மாத வாடகை வாங்கியதாகத்தான் இது முடிகிறது. ஏறக்குறைய எட்டே கால் சதவீத வாடகை உயர்வு, பேசாமலே நடந்துவிடுகிறது. இனி உண்மையிலேயே ஒவ்வொரு முறையும் பெயிண்ட் அடித்திருந்தாலும், சுவர்ப் பூச்சுக்கு ஆயுள் உண்டு. ஜப்பான் அரசு வாடகை வீடுகளுக்கு வகுத்த வழிகாட்டு நெறியில் சுவரில் ஒட்டும் தாளின் ஆயுள் ஆறு ஆண்டு. குடியிருந்தவர் அதைக் கெடுத்திருந்தால்கூட, எத்தனை ஆண்டு கழிந்ததோ அதற்குரிய மதிப்பைக் கழித்துவிட்டுத்தான் கேட்க முடியும். இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பொறுப்பல்ல என்பதை 2020 ஏப்ரலில் அந்நாட்டு உரிமையியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நம் ஊரிலோ, ஐந்து ஆண்டுக்கு முன் அடித்த பூச்சுக்குப் புதுப் பூச்சின் முழு விலையும் கடைசியாகக் குடியிருந்தவர் தலையில் விழுகிறது.

இன்னொன்றும் உண்டு. நம் வருமான வரிச் சட்டம் வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் வரி போடுகிறது. பழுதுபார்ப்புக்கும் பராமரிப்புக்குமான கழிவு அது. மெய்யாகச் செலவு செய்தாரா என்று ரசீதுகூடக் கேட்பதில்லை. சிறிய வீட்டுக்காரர்கள் பலர் வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் என்பது உண்மையே. ஆனாலும் இந்தச் செலவு வாடகைக்குள் அடங்கியது, வீட்டுக்காரருடையது என்றே அரசு கணக்கு வைத்திருக்கிறது. ஒரே செலவை வாடகையில் ஒருமுறையும் அட்வான்ஸில் ஒருமுறையும் வாங்குவது சரியல்ல.

ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்களே என்பது நான்காவது. எழுதிய ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் இதுவே வலுவான வாதம். அட்டவணையும் ஒப்பந்தத்துக்கு இடம் விடுகிறது. ஆனால் காலி செய்யும்போது ஒரு மாத வாடகை கழிக்கப்படும் என்ற ஒரு வரியை வைத்து, செலவே ஆகாத பணத்தை எடுத்துக்கொள்ள முடியாது. 1872-இன் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தம் மீறப்பட்டால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டி எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு உட்பட்டு நியாயமான இழப்பீட்டைத்தான் கொடுக்கச் சொல்கிறது. 1963-இல் ஃபதே சந்த் வழக்கிலும் 2015-இல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. இழப்பு ஏற்பட்டிருக்க வேண்டும். அளந்து காட்டக்கூடிய இழப்பு என்றால் அளந்து காட்ட வேண்டும். பெயிண்டின் விலையும் கூலியும் அளக்க முடியாதவை அல்ல. கடையில் பில் உண்டு, பெயிண்டருக்குச் சம்பளம் உண்டு. பெரும்பாலான மாணவர் வாடகையில் எழுத்து ஒப்பந்தமே இல்லை என்பது வேறு விஷயம். எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது 2017 சட்டம். எழுதாமல் விட்டுவிட்டு, எழுதாத நிபந்தனையைக் காட்டிக் காசு பிடிப்பது முறையாகாது.

வாடகையை நம்பியே பிழைக்கும் வயதானவர்களும், கணவனை இழந்த பெண்களும் வீட்டுக்காரர்களில் இருக்கிறார்கள், அவர்கள் நஷ்டப்படலாமா என்று கேட்கிறார்கள். நஷ்டப்படக் கூடாது. அவர்கள் செலவு கூடினால் வாடகையை வெளிப்படையாகக் கூட்டிச் சொல்லட்டும். வருகிறவர் முடிந்தால் எடுப்பார், முடியாவிட்டால் வேறு வீடு பார்ப்பார். சேதம் என்றால் சேதத்தைக் காட்டி, பில்லைக் காட்டிக் கழிக்கட்டும். இங்கிலாந்தில் 2019 ஜூன் முதல், காலி செய்யும்போது ஆள் வைத்துச் சுத்தம் செய்வதற்குக் கட்டாயக் கட்டணம் வாங்கத் தடை உண்டு. ஆனால் வந்தபோது இருந்ததைவிட வீடு அழுக்காக இருந்தால் அந்த வித்தியாசத்தை ஆதாரத்தோடு அட்வான்ஸிலிருந்து கேட்கலாம். அங்கே வாடகை வீட்டுத் தொழில் இதனால் நின்றுவிடவில்லை. அட்வான்ஸ் என்பது வீட்டுக்காரர் கையில் இருக்கும் குடியிருப்பவரின் பணம். அதிலிருந்து எடுக்கிறவர்தான் காரணம் காட்ட வேண்டும். கொடுத்தவர் தன் பணத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மாத வாடகைக்காக வழக்குப் போடுவார்களா, விட்டுவிட்டுப் போகலாம் என்பது கடைசியாக வருவது. பெற்றோர்களே பெரும்பாலும் இதைச் சொல்கிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவுக்கும், மக்காச்சோளத்தையும் சின்ன வெங்காயத்தையும் நம்பி இருக்கிற அப்பாவுக்கும் அது சிறிய தொகை அல்ல. நீதிமன்றம்தான் வழி என்பதும் இல்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்தால் இருவரையும் அழைத்துப் பேசுவார்கள், கட்டணம் இல்லை. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. சாப்பாட்டோடு நடத்தும் தனியார் விடுதி என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பணத்தைக் கேட்டு வழக்கிடப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது.

வீட்டுக்குள் போகிற நாளிலேயே சுவர், டைல்ஸ், குழாய், கதவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். சாவி கொடுக்கும் நாளிலும் அதே இடங்களை எடுத்து அனுப்புங்கள். அட்வான்ஸை முடிந்தவரை ஜிபே மூலமோ வங்கி வழியாகவோ கொடுங்கள், கையில் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். சுத்தம் செய்ய வேண்டியதைக் கடைசி வாரத்தில் நீங்களே கூடிச் செய்துவிடுங்கள். அதன்பிறகும் காசு பிடித்தால், எதற்கு எவ்வளவு, பில் எங்கே என்று மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். சாவி கொடுத்த நாளிலிருந்து ஒரு மாதம்தான் சட்டம் தரும் கெடு. அது முடிந்த மறுநாளே மனுவை எழுதுங்கள்.