சனியிரவு விகடம்

நகைச்சுவையைப் பற்றிக் கல்லூரி மலரில் ஒரு கட்டுரை வரைதல் தகுமோவென்று ஐயுறுவார் சிலர் நம்முள் இருத்தல் கூடும். அன்னார்க்கு யாம் கூறும் விடை ஒன்றே. மெய்ப்பாடுகள் எட்டென வகுத்த தொல்காப்பியனார் அவற்றுள் நகையையே முதற்கண் வைத்தனர். வைத்ததோடமையாது, அஃது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினின்றும் பிறக்குமென்று பகுத்தும் உரைத்தனர். அழுகைக்கும் பெருமிதத்திற்கும் முன்னர் இடம்பெற்ற ஒன்றைச் சிந்தித்தல் கற்றார்க்கு இழுக்காகாது.

நம் மாணவருட் பலர் 'சாட்டர்டே நைட் லைவ்' என்னும் அமெரிக்க விகட நிகழ்ச்சியின் காட்சிகளைக் கைப்பேசியிற் கண்டு நகைத்தலை யாம் அறிவோம். எக்காட்சி சிறந்தது, எப்பாத்திரம் உயர்ந்தது என்று அவருள் வழக்கு நிகழ்வதும் உண்டு. நாட்டுத் தலைவரைப் போலி செய்து நடிக்குங் காட்சிகளே அந்நிகழ்ச்சியின் முடிமணிகள் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. யாம் அதற்கு உடன்படுகிலேம். எள்ளலிற் பிறந்தவை விரைவிற் புகழெய்தி விரைவில் வாடுகின்றன. சிற்சில வேளைகளில் தீங்கும் விளைக்கின்றன. பேதைமையிலும் மடனிலும் பிறந்த எளிய பாத்திரங்களே நெஞ்சில் நிலைக்கின்றன என்பது எம் துணிபு.

அந்நிகழ்ச்சியை அறியாத முதியோர் பொருட்டுச் சில சொற்கள். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ஆம் நாள் இரவு பதினொன்றரை மணிக்கு, நியூயார்க் நகரத்து ராக்கஃபெல்லர் மாளிகையின் எட்டாம் மாடியிலுள்ள அரங்கொன்றிலிருந்து அது முதன்முறை ஒளிபரப்பப்பெற்றது. டாஸ்கனினி என்னும் பேர்பெற்ற இசைப்புலவர் தம் வாத்தியக் குழுவை நடத்திய அரங்கும் அதுவே. கனடா நாட்டினரான லார்ன் மைக்கேல்ஸ் என்பார் அதனைத் தோற்றுவித்தார். திங்களன்று எண்ணம், செவ்வாயிரவு விடியுமளவும் எழுத்து, புதனன்று அனைவருங்கூடி வாசித்தல், அதன்பின் ஒத்திகை, சனியிரவு மேடை; இதுவே அவர்தம் வாரம். முன்னரே படம் பிடித்துத் திருத்தி வெளியிடுதல் சிறுபான்மையே. பெரும்பகுதி நேரே நடிக்கப்பெறுவதாதலின், நடிகர் நாத்தவறினும் நகைப்பை அடக்கமாட்டாது திணறினும் மறைத்தற்கு வழியில்லை. அவ்வச்சமே அதற்கு உயிர் தந்ததென்பது எம் கருத்து.

அம்முதலிரவின் முதற்காட்சியைக் கேளுங்கள். வேற்று நாட்டினின்றும் வந்த ஒருவன் ஆங்கிலம் கற்க ஆசிரியர் ஒருவர்பால் வருகின்றான். மாணாக்கனாக வந்தவர் ஜான் பெலூஷி. ஆசிரியரோ வாழ்க்கையில் எவர்க்கும் பயன்படாத வாக்கியங்களை ஓதுவிக்கின்றார். அனைத்தும் வுல்வரின் என்னும் வடபுலக் காட்டுவிலங்கைப் பற்றியன. விரல் நுனிகளை அவ்விலங்குக்கு இரையாக்க விழைவதாக ஆசிரியர் சொல்ல, மாணாக்கனும் பெரும் பணிவோடு அவ்வாறே சொல்லுகின்றான். திடீரென ஆசிரியர் மார்பைப் பற்றிக்கொண்டு கீழே விழுந்து இறந்துபடுகின்றார். மாணாக்கன் சிறிது தயங்குகின்றான். பின்னர்த் தானும் மார்பைப் பற்றிக்கொண்டு அவ்வண்ணமே விழுகின்றான்! மடன் என்பது பிறர் கொளுத்தியதை ஏற்று, ஏற்றதை விடாமை என்று உரைகாரர் விளக்குவர். அவ்விளக்கத்திற்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு யாண்டும் கிடைப்பதரிது. தேர்வுக் காலத்தில் குறிப்பேடுகளை உருவிடும் நம் மாணவரும், ஆண்டுதோறும் அக்குறிப்புகளையே ஓதிவரும் எம்மனோரும் அக்காட்சியில் தம்மையே கண்டு நாணலாம்.

எமக்கு மிக விருப்பமான பாத்திரம் யாதெனின், கில்டா ராட்னர் அம்மையார் புனைந்த எமிலி லிட்டெல்லா என்னும் மூதாட்டியே. தம்மை வளர்த்த செவிலித்தாயை நினைந்தே அவ்வம்மையார் இப்பாத்திரத்தைப் படைத்தார். போலிச் செய்தியறிக்கையின் இடையே இம்மூதாட்டி தோன்றி, நாட்டு நடப்பொன்றைக் கண்டித்து வீராவேசத்துடன் சொற்பொழிவாற்றுவார். செவி மந்தமாதலின் பொருளைத் தவறக் கேட்டிருப்பார். தொலைக்காட்சியில் 'வயலென்ஸ்', அதாவது வன்முறை, மிகுந்துவிட்டதென்று ஊரார் குறைகூற, அவர் அதனை 'வயலின்ஸ்' என்று கேட்டுவிட்டு, பிடில் வாசிப்பதில் என்ன குற்றம், பிள்ளைகள் அவ்வின்னிசையைக் கேட்டால் யாது கேடு என்று பொங்குவார். மற்றொருகால், ருஷிய யூதரைக் குறிக்குஞ் சொல்லை ருஷிய நகைகளைக் குறிப்பதாகக் கொண்டு வழக்காடினார். (நகையென்னுஞ் சொல் நம் மொழியில் இருபொருளும் தருதலை நேயர்கள் நினைந்து மகிழ்வாராக.) அறிக்கை வாசிப்போர் பிழையை எடுத்துக்காட்டியதும், முகம் சிறிதும் வாடாது, அப்படியாயின் போகட்டும் என்று புன்முறுவலுடன் முடித்துவிடுவார்.

இதில் நாம் எவரை நகைக்கின்றோம்? செவிப்புலன் குன்றிய முதியவரையோ? அன்று. அம்மையார் அம்மூதாட்டியை எள்ளி நடித்தாரல்லர், அன்புகொண்டு நடித்தார். பொருளறியாது முழங்கி, அறிந்தபின் இனிதாக விட்டுவிடும் அப்பண்பு கற்ற பேரவைகளிற்கூடக் காண்டற்கரிது. 1989-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் கில்டா ராட்னர் புற்றுநோயால் தம் 42-ஆம் வயதிற் காலமானார். அன்று சனிக்கிழமை. அன்றிரவு நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஸ்டீவ் மார்ட்டின், வழக்கமான வேடிக்கைப் பேச்சை விடுத்து, 1978-இல் தாமும் அவ்வம்மையாரும் சேர்ந்து ஆடிய நடனக் காட்சியை மீண்டும் காட்டச் செய்தார். பேசுங்கால் அவர் குரல் தழுதழுத்தது. நகைக்க வந்தோர் கண்கலங்கிய இரவு அது.

இனி எள்ளலைப் பார்ப்போம். 1975-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்தவர் ஜெரால்டு ஃபோர்டு. அவ்வாண்டு ஜூன் மாதம் ஆஸ்திரிய நாட்டில் விமானப் படிகளில் இறங்கும்போது அவர் கால் தவறினார். அவ்வொன்றைப் பற்றிக்கொண்டு செவி சேஸ் என்னும் நடிகர் வாரந்தோறும் மேசைமேலும் நாற்காலிமேலும் உருண்டு விழுந்தார். தோற்றத்திலோ குரலிலோ ஃபோர்டைப் போன்றிருக்க அவர் முயன்றதேயில்லை. விழுந்தது மட்டுமே அவர் செய்த போலி. ஃபோர்டோ மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பந்தாட்டக் குழுவிற் சிறந்து விளங்கியவர். குடியரசுத் தலைவருள் அவரினும் உடற்பயிற்சியில் வல்லார் மிகச் சிலரே. ஆயினும் கால் இடறுபவர் என்னும் பெயரே அவர்க்கு நிலைத்தது. அவர் சினந்திலர், 1976-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் தம் பத்திரிகைச் செயலாளரே அந்நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்கியபோது, தாமும் சில சொற்கள் பதிவு செய்து அனுப்பினார். அப்பெருந்தன்மை பாராட்டத்தக்கதே. ஆயினும் பெயர் மாறவில்லை.

2008-இல் நிகழ்ந்தது இதனினும் நுட்பமானது. துணைத் தலைவர் பதவிக்கு நின்ற சாரா பேலின் அம்மையாரைப் போலி செய்து டீனா ஃபே நடித்தார். உருவமும் குரலும் அத்துணை ஒத்திருந்தன. தம் வீட்டிலிருந்தே ருஷியா தெரிகின்றது என்று போலிப் பேலின் கூறினார். உண்மையிற் பேலின் கூறியது, அலாஸ்காவின் தீவொன்றிலிருந்து ருஷிய நிலத்தைக் காணலாம் என்பதே. அது பூகோள நூல் ஒப்பும் உண்மை. இன்று பலரைக் கேட்டால், வீட்டைப் பற்றிய சொல்லைப் பேலினே கூறினார் என்று ஆணையிட்டுரைப்பர். அவ்வம்மையாரின் அரசியலை யாம் ஈண்டு ஆராயவில்லை. ஒருவர் கூறாததைக் கூறியதாக உலகம் நம்பிவிடுமாயின், அந்நகை பொய்ச்சான்றாக முடிகின்றது. டீனா ஃபேயின் நடிப்புத் திறத்தை வியக்கின்றோம். அத்திறமே தீங்கினைப் பெருக்கியது.

எள்ளலெல்லாம் இழிவென்று யாம் கூறுவதாகக் கொள்ளற்க. 1975 டிசம்பரில் ரிச்சர்டு பிரையர் என்னும் கறுப்பின நடிகர் தலைமை தாங்கிய இரவில் ஒரு காட்சி நடந்தது. கட்டடந்துடைக்கும் வேலைக்கு வந்த கறுப்பரை, வெள்ளையர் ஒருவர் சொல்லுக்குச் சொல் கூறும் தேர்வால் ஆராய்கின்றார். முதலில் மரம், நாய் என்றாற் போன்ற சொற்கள்; பின்னர் மெல்ல மெல்ல அவ்வினத்தாரை இழிக்கும் வசைச் சொற்கள். பிரையரும் வசைக்கு வசை தொடுக்க, இறுதியில் அஞ்சியவர் தேர்வு செய்தவரே. நடுங்கி, ஊதியத்தை மேன்மேலும் உயர்த்தி வேலையளிக்கின்றார். ஈண்டு எள்ளப்பட்டவன் மேசைக்குப் பின்னே அதிகாரத்தோடு அமர்ந்தவன். மென்மையான தேர்வு என்னும் போர்வைக்குள்ளிருந்த நஞ்சு அனைவர் முன்னும் வெளிப்பட்டது. இத்தகைய எள்ளல் அரிது.

ஒரே நடிகரிடத்தும் இவ்வேறுபாடு உண்டென்பதற்குக் கிறிஸ் ஃபார்லியே சான்று. பருத்த உடலினர், அவ்வுடலோடு வியத்தகு விரைவும் உடையவர். 1990-இல் ஒரு காட்சியில், கட்டழகர் நடனக் குழுவிற் சேர்தற்கு அவரும் பாட்ரிக் ஸ்வேஸியும் போட்டியிடுகின்றனர். ஃபார்லி மேலாடை களைந்து அஞ்சாது ஆடுகின்றார், நன்றாகவே ஆடுகின்றார். பருமன் காரணமாகவே அவர் தள்ளப்படுகின்றார். அவர் ஆட்டத்தின் துணிவை அவையோர் விரும்பினர், ஆதலின் அதில் இழிவில்லை என்பாரும் உளர். உடன் நடித்தவரான கிறிஸ் ராக் அக்காட்சியைத் தாம் எக்காலும் வெறுத்ததாகப் பின்னாளிற் கூறினார். எம் மனமும் அவர் பக்கமே சாய்கின்றது.

1993-ஆம் ஆண்டு மே மாதம் அதே ஃபார்லி மாட் ஃபோலி என்னும் அறிவுரையாளனாக வந்தார். பாப் ஓடன்கிர்க் எழுதிய காட்சி அது. வழிதவறிய இளைஞரைத் திருத்துதற்குப் பெற்றோர் கூலிக்கு அழைத்த நல்லாசிரியன் அவன். இரும்புக் கம்பியின் மேல் நிற்பவன்போல் இடுப்புக் கச்சையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, மணவிலக்குப் பெற்றுத் தான் ஆற்றங்கரையில் ஒரு வண்டிக்குள் வாழ்வதைப் பெருமுழக்கமாக எடுத்துரைக்கின்றான். என்போல் ஆகாதீர் என்பதே அவன் உபதேசம். கால் தவறி மேசைமேல் விழ, மேசை பொடியாகின்றது. எழுந்து மேலும் முழங்குகின்றான். எதிரிலிருந்த நடிகர் இருவரும் நகைப்பை அடக்க முகத்தை மூடிக்கொண்டனர். முன்னைய காட்சியில் உடலே நகைப்பொருள். இதிலோ, தோற்றுப்போன ஒருவன் தன் தோல்வியையே கைம்முதலாகக் கொண்டு பிறரைக் காக்க ஓடிவரும் பேதைமை நகைப்பொருளாயிற்று. அவனை யாம் மறக்கவியலவில்லை. ஃபார்லி 1997-இல் தம் 33-ஆம் வயதில், மிகுதியான போதைப் பொருள்களால் இறந்தார். பெலூஷியும் 1982-இல் அவ்வயதிலேயே அக்காரணத்தாலேயே மாய்ந்தவர். விழுந்து விழுந்து நகைப்பித்தவரைப் பார்த்து, இன்னும் விழுக என்று கேட்டவர் காண்போரே என்பது எம் நெஞ்சை உறுத்துகின்றது.

டானா கார்வி 1986-இல் தொடங்கிய கோயிலம்மாளை நம்மவர்க்கு அறிமுகம் செய்யவேண்டுவதில்லை. எவர் வழிபாட்டுக்கு வந்திலர், எவர் பிந்தி வந்தார் என்று கணக்கெடுத்து, இனிக்கப் பேசிச் சுடும் அவ்வம்மாளை அவர் தம் இளமையிற் கண்ட கோயிற் பெண்டிரைக் கொண்டே ஆக்கினார். அவரை ஒத்தார் நம் ஊர்களிலும் உளர். பெயர் கூறுதல் தகாது.

இறுதியாக ஒரு காட்சி. 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள். குடியரசுத் தலைவர் தேர்தலுக்குப் பதினேழு நாட்களே இருந்தன. நாடு இருகூறாகப் பிளந்து கிடந்தது. கறுப்பினத்தார் வழக்காறுகளையே வினாக்களாகக் கொண்ட ஒரு வினாவிடைப் போட்டி. கறுப்பினப் பெண்டிர் இருவரோடு, டிரம்ப்பின் செந்தொப்பி அணிந்த டக் என்னும் வெள்ளையரொருவர் மூன்றாமவராக நிற்கின்றார். டாம் ஹாங்க்ஸ் அவ்வேடம் பூண்டார். இவர் எள்ளப்படுவார் என்றே அவையோர் எதிர்பார்த்தனர். முதல் வினா: கைப்பேசி பெருவிரற் குறி கேட்கின்றதே, கொடுக்கலாமோ? கொடேன், அவ்வழியிலன்றோ நம்மைப் பிடிக்கின்றனர் என்கின்றார் டக். விடை சரி! தேர்தலில் வெல்வார் யாரென்பது முன்னரே முடிவாகிவிடுகின்றது என்கின்றார், அதுவும் சரி. விடைதோறும் பெண்டிர் இருவரும் வியந்து தலையசைக்கின்றனர். வறியவரும் ஏமாற்றப்பட்டவருமான இருசாராரும், ஐயத்திலும் பேதைமையிலும் ஒரே குடும்பத்தினராதல் வெளிப்படுகின்றது. போட்டி நடத்துபவராக நடித்த கீனன் தாம்சன் மகிழ்ந்து கைகுலுக்க அணுகுகின்றார். டக் அஞ்சி ஓரடி பின்வாங்குகின்றார். பின்னரே கை நீட்டுகின்றார். ஹாங்க்ஸ் அவ்வோரடிக்குள் வைத்த நடிப்பை, நாடகம் பயிலும் நம் மாணவர் பன்முறை காணுதல் நலம். கைகள் இணைகின்றன. அதன்பின் இறுதிச் சுற்றின் தலைப்பு அறிவிக்கப்படுகின்றது: மதிப்புடைய உயிர்கள் எவை? பெண்டிர் முகம் மாறுகின்றது. அதனைப் பற்றிச் சொல்லுதற்குத் தம்மிடம் நிரம்ப உண்டென்கின்றார் டக். இருந்தவரையில் இனிதாகவே இருந்தது என்று வருந்திக் கூறி நடத்துபவர் அப்பாற் செல்ல, காட்சி முடிவெய்துகின்றது.