2 நிமிடத்தில் முடியும் விமானப் பயணம்!

ஆகாய விமானத்தில் ஏறி உட்கார்ந்து, இடுப்பில் வாரைக் கட்டி, சன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்ப்பதற்குள் ஊர் வந்துவிட்டால் எப்படி இருக்கும்?

அப்படி ஒரு விமானம் உண்மையிலேயே பறக்கிறது. கால அட்டவணையில் அதற்குப் போட்டிருக்கும் நேரம் 2 நிமிடம்தான்!

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள் இருக்கின்றன. சிறிதும் பெரிதுமாக சுமார் 70 தீவுகள். அவற்றில் ஏறத்தாழ 20 தீவுகளில்தான் மனிதர்கள் வாழ்கிறார்கள். அவற்றில் ஒன்று வெஸ்ட்ரே. அதன் பக்கத்துத் தீவு பாப்பா வெஸ்ட்ரே. (இந்தப் "பாப்பா" நம் வீட்டுப் பாப்பா அல்ல. அந்தக் காலத்து நார்ஸ் மொழியில் பாதிரியாரைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது.)

இரண்டு தீவுகளிலும் சின்னஞ்சிறு விமான நிலையங்கள் உள்ளன. இடையே உள்ள தூரம் 1.7 மைல். அதாவது 2.7 கிலோ மீட்டர். எடின்பரோ நகர விமான நிலையத்தில் ஓடுபாதையின் நீளமே ஏறக்குறைய இவ்வளவு இருக்கும்!

1967-ம் ஆண்டு லோகன் ஏர் கம்பெனி இந்தப் போக்குவரத்தைத் தொடங்கியது. கால அட்டவணைப்படி நடக்கும் விமானப் பயணங்களில், உலகிலேயே மிகக் குறுகியது இதுதான்.

53 வினாடி!

இங்கே பறப்பது "ஐலண்டர்" என்ற சிறு விமானம். விமானியைத் தவிர 8 பேர் உட்காரலாம். மணிக்கு சுமார் 150 மைல் வேகத்தில் போகும். அந்தக் கணக்குப்படி 1.7 மைலை 41 வினாடியில் தாண்டிவிடலாம். பிறகு ஏன் 2 நிமிடம்?

சைக்கிள் போல ஏறியவுடன் நேரே மிதித்துக்கொண்டு போக விமானத்தால் முடியாது. காற்றை எதிர்த்துக் கிளம்ப வேண்டும். காற்றை எதிர்த்தே இறங்க வேண்டும். காற்றின் திசை ஒத்து வராவிட்டால் வட்டம் அடித்து வரவேண்டும். காற்று ஒத்துழைத்தால் ஒன்றரை நிமிடத்திலேயே வேலை முடிந்துவிடும். ஒரு தடவை 53 வினாடியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதுவே சாதனை.

சிரிக்க வேண்டாம்

"இந்தத் தூரத்துக்கு விமானமா? நடந்தே போகலாமே!" என்று சிரிக்கத் தோன்றும். நடக்கலாம்; நடுவே கடல் இல்லாவிட்டால்! அட்லாண்டிக் சமுத்திரமும் வட கடலும் கலக்கும் பகுதி அது. படகு உண்டு. ஆனால், குளிர் காலத்தில் காற்றும் அலையும் சேர்ந்து கொண்டால் படகுப் பயணம் லேசான காரியம் அல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விமானம் இந்த இரண்டு தீவுகளுக்கு இடையே மட்டும் ஓடவில்லை. ஆர்க்னியின் பெரிய ஊரான கிர்க்வாலில் இருந்து அது கிளம்புகிறது. டவுன் பஸ் மாதிரி தீவு தீவாக நின்று, ஆளை ஏற்றி இறக்கிக்கொண்டு திரும்புகிறது. ஆசிரியர், டாக்டர், போலீஸ்காரர், நோயாளி எல்லோருக்கும் அதுதான் வண்டி.

தீவுக் கவுன்சில் இதற்குப் பண உதவி செய்கிறது. 8 பேர் ஏறும் விமானத்துக்குப் பொதுப் பணமா என்று கேட்கலாம். 19-ம் நூற்றாண்டில் பாப்பா வெஸ்ட்ரேயில் 300 பேருக்கு மேல் இருந்தார்கள். இன்று 100 பேர் கூட இல்லை. டாக்டரும் வாத்தியாரும் வராத ஊரில், இருக்கிற குடும்பங்களும் எத்தனை நாள் தங்கும்? அந்தச் செலவு நியாயமானதே.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு, பயணம் செய்ததற்கு ஒரு சான்றிதழ் கொடுப்பது உண்டு. அவர்கள் அதைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக் கொள்கிறார்கள். வாத்தியாருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிடுமே!