இரும்பு வளையமும் டம்பெல் தீர்ப்பும்

"குங்ஃபூ ஃபார்மா? அது காத்துல கைவீசுற டான்ஸ் பாஸ். கை பலமாகணும்னா டம்பெல் தூக்கு." ஆபீஸ்ல நாலு பேர் கூடினா இப்படி ஒரு தீர்ப்பு வந்துடுது. சொல்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ஒரு ஃபார்மைக்கூட முழுசா செஞ்சதில்லைங்கறதுதான் கொடுமை.

மக்களே, 2004ல வந்த 'குங்ஃபூ ஹசில்' பார்த்திருப்பீங்க. கை ரெண்டுலயும் இரும்பு வளையம் மாட்டிக்கிட்டு அடிப்பாரே ஒரு தையல்காரர்? காமெடிக்காக வச்சதுன்னு நினைக்காதீங்க. அந்த வேஷம் போட்ட சியூ சீ லிங் நிஜமாவே ஹுங் கார் மாஸ்டர். வளையமும் நிஜம். ஹுங் கார்ல 'டிட் சின் குன்', அதாவது இரும்புக்கம்பிக் குத்துன்னு ஒரு ஃபார்ம் உண்டு. கான்டன்ல வாழ்ந்த டிட் கியூ சாம் வழியா வந்ததுன்னு சொல்வாங்க. 'கியூ'ன்னா பாலம். தென்சீன பாணிகள்ல முன்னங்கைக்கு அதான் பேரு. ஆக மனுஷன் பேர்லயே இரும்புப் பாலம் இருக்கு!

இதுல வேகமே கிடையாது. காலை ஊன்றி நின்னு, கையை முழுசா இறுக்கி, சுவத்தைத் தள்ளுற மாதிரி மெதுவா தள்ளணும். சத்தம் கொடுத்துக்கிட்டே மூச்சை வெளிய விடணும். தசைக்கு டம்பெல் பிராண்ட் எல்லாம் தெரியாதுங்க, இறுக்கம் மட்டும்தான் தெரியும்.

"டம்பெல்னா 5 கிலோவை 10 கிலோ ஆக்கலாம், ஃபார்ம்ல எப்படி ஏத்துவே?"ன்னு கேட்டா, அது நியாயமான கேள்வி. பதில் அந்த வளையம்தான். பழகப் பழக வளையத்தைக் கூட்டிக்கிட்டே போகணும். சும்மா அழகுக்கா மாட்டினாங்க?

என்னோட நிஜக் கோபம் ஜிம் பசங்க மேல இல்லை. மூணு மாசத்துல ஆறு ஃபார்ம், கலர் கலரா பெல்ட், ஆண்டுவிழாவுல பாட்டுக்கு ஆட்டம்னு கடை நடத்துற சில 'மாஸ்டர்'கள் மேலதான். இறுக்கத்தை எடுத்துட்டு அசைவை மட்டும் வித்தா, பாக்கறவன் டான்ஸ்னுதானே சொல்வான்?

ஃபார்ம் மட்டும் செஞ்சா புஜம் ஹீரோ மாதிரி புடைக்கும்னு நான் சொல்லலை. முன்னங்கையும் தோளும் உறுதியாகும். நாள் முழுக்க கீபோர்டு தட்டுற நமக்கு அது சின்ன விஷயமா?

சந்தேகம் இருந்தா குதிரை நிலையில நில்லுங்க. ரெண்டு கையையும் இறுக்கி, முப்பது எண்ணி முடிக்கிற வரைக்கும் முன்னால தள்ளுங்க. அதையே பத்து தடவை. அப்புறம் வந்து டான்ஸ்னு சொல்லுங்க, பேசலாம்.

டிஸ்கி: மூச்சை அடக்காதீங்க. பிபி இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம வீரம் காட்ட வேணாம் :-)