ரூபாய் மதிப்பு குறைந்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

2025-ம் ஆண்டு டிசம்பரில் ஒரு டாலரின் விலை முதல் முறையாக 90 ரூபாயைத் தாண்டியது. பத்திரிகைகள் அதைப் பெரிய எழுத்தில் போட்டன. ஆனால் தொழிலாளர் குடியிருப்புகளில் அது பெரிதாகப் பேசப்படவில்லை.

"டாலர் அமெரிக்காக்காரன் பணம். அது ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு.

கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலும், பிம்ப்ரி, போசரி பட்டறைகளிலும் வேலை பார்க்கும் தமிழர்களுக்குச் சம்பளம் ரூபாயில்தான் வருகிறது. அரிசியும் பருப்பும் ரூபாய்க்குத்தான் கிடைக்கின்றன. டாலர் நோட்டைக் கண்ணால் கூடப் பார்க்காதவர்களே அதிகம்.

ஆனால் டாலர் அவர்கள் வீட்டு அடுப்படி வரை வந்து போகிறது.

இரண்டு வீடுகள்

போபோடியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தமிழர் வீடுகளை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வீட்டில் மகன் துபாயில் இருக்கிறான். மாதம் ஆயிரம் திர்ஹாம் அனுப்புகிறான். திர்ஹாமை டாலரோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரு டாலருக்கு 3.67 திர்ஹாம். 1997 முதல் அது மாறவில்லை. ஆகவே டாலர் 86 ரூபாயாக இருந்தபோது அந்த ஆயிரம் திர்ஹாம் சுமார் 23,400 ரூபாயாக வந்தது. டாலர் 90 ஆனதும் சுமார் 24,500 ரூபாயாக வந்தது. மகன் கூடுதலாக ஒரு மணி நேரம் கூட உழைக்கவில்லை. வீட்டுக்கு மாதம் 1,100 ரூபாய் அதிகம்.

அடுத்த வீட்டில் தகப்பனார் ஒரு பட்டறையில் ஒப்பந்தத் தொழிலாளி. அவருடைய சம்பளத்தில் ஒரு ரூபாய் கூட மாற்றம் இல்லை. ஆனால் இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே கிராணா கடையில்தான் சாமான் வாங்குகிறார்கள்.

அந்தக் கடையில் உள்ள சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. பாமாயில் இந்தோனேசியாவில் இருந்தும் மலேசியாவில் இருந்தும் வருகிறது. துவரம்பருப்பில் ஒரு பகுதி ஆப்பிரிக்காவில் உள்ள மொசாம்பிக்கில் இருந்து வருகிறது. இட்லிக்கு ஊறப்போடும் உளுந்தில் ஒரு பகுதி பர்மா உளுந்து. சாமான் ஏற்றி வரும் லாரிக்கு டீசல் வேண்டும். நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டில் இருந்துதான் வாங்கப்படுகிறது. இவற்றுக்கெல்லாம் விலை பெரும்பாலும் டாலரில்.

எனவே ரூபாய் மதிப்பு குறைவதும் ஒருவகை வரிதான். பட்ஜெட்டில் அறிவிப்பு வராது. பாராளுமன்றத்தில் விவாதம் நடக்காது. ஆனால் வசூல் மட்டும் நடந்துவிடும்.

எதற்காகக் குறைக்கிறார்கள்?

அப்படியானால் ரூபாயின் மதிப்பைக் குறையாமல் வைத்திருக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல் இருக்கிறது.

வளரும் நாடுகள் பெரும்பாலும் விற்பதைவிட அதிகமாக வாங்குகின்றன. எண்ணெய், இயந்திரம், உரம் எல்லாவற்றுக்கும் டாலர் வேண்டும். டாலர் சம்பாதிக்க வேண்டுமானால் சரக்கை வெளிநாட்டில் விற்க வேண்டும்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று 4 டாலருக்கு ஒரு சட்டை விற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். டாலர் 86 ரூபாய் என்றால் 344 ரூபாய் கிடைக்கும். 90 என்றால் 360 ரூபாய். கம்பெனிக்குத் தெம்பு வருகிறது. விலையைச் சற்றுக் குறைத்து வங்காள தேசத்தோடு போட்டி போடவும் முடிகிறது. ஆர்டர் வந்தால் ஆட்களுக்கு வேலை உண்டு.

உள்ளூரில் விலைவாசி ஏறிக்கொண்டே போகும்போது ரூபாயின் மதிப்பை மட்டும் பழைய இடத்தில் பிடித்து வைத்தால் என்ன ஆகும்? வெளிநாட்டுச் சாமான் மலிவாகத் தெரியும். உள்நாட்டுச் சரக்கு வெளியில் விலை போகாது. டாலர் கையிருப்பு கரையும். ஒரு நாள் பிடி நழுவும்.

1966 ஜூன் 6

சுதந்திர இந்தியா முதலில் 1949 செப்டம்பரில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்ததால் இந்தியாவும் கூடவே குறைத்தது. டாலர் 4 ரூபாய் 76 காசு ஆயிற்று.

அந்த விலை கிட்டத்தட்ட 17 ஆண்டுகள் அசையவில்லை. இடையில் 1962-ல் சீனாவோடு போர். 1965-ல் பாகிஸ்தானோடு போர். போரை ஒட்டி அமெரிக்க உதவி நின்றது. அதே ஆண்டு மழையும் பொய்த்தது. 1964-65-ல் 8 கோடியே 90 லட்சம் டன் இருந்த உணவு தானிய விளைச்சல், அடுத்த ஆண்டு 7 கோடியே 20 லட்சம் டன்னாக விழுந்தது. 1966-ல் சுமார் 1 கோடி டன் தானியம் கப்பலில் வந்தது.

உதவி தர வேண்டுமானால் ரூபாயின் மதிப்பைக் குறைக்க வேண்டும் என்று உலக பாங்கியும் அமெரிக்காவும் வற்புறுத்தின. இந்திரா காந்தி பிரதம மந்திரியாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1966 ஜூன் 6 முதல் டாலர் 7 ரூபாய் 50 காசு ஆயிற்று.

இதில் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ரூபாயின் மதிப்பு 36.5 சதவீதம் குறைக்கப்பட்டதாக அறிவித்தார்கள். ஆனால் ஒரு டாலர் வாங்க முன்பு 4.76 ரூபாய், பிறகு 7.50 ரூபாய். அதாவது டாலர் விலை 57 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. இறக்குமதிச் சரக்குக்கும் வெளிநாட்டுக் கடனுக்கும் இந்த இரண்டாவது கணக்குதான் பொருந்தும். அரசு அறிவிப்பில் சிறிய எண் இருக்கும். கடைக்காரர் கையில் பெரிய எண் இருக்கும்.

காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் இந்த முடிவை விரும்பவில்லை. எதிர்பார்த்த பலனும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டும் வறட்சி. விற்கச் சரக்கு இருந்தால்தானே ஏற்றுமதி கூடும்? சணல், தேயிலை போன்ற சரக்குகளுக்கு அரசே ஏற்றுமதி வரியும் போட்டது. வெளிநாட்டு உதவியும் நினைத்த அளவுக்கு நீடிக்கவில்லை.

1967 தேர்தலில் சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. விருதுநகரில் காமராஜரே தோற்றார். இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அரிசிப் பஞ்சமும் அதற்குப் பெரிய காரணங்கள். ஆனால் விலைவாசிக் கோபத்தில் ரூபாய் மதிப்புக் குறைப்புக்கும் பங்கு இருந்தது.

அடகு போன தங்கம்

அதன் பிறகு 25 ஆண்டுகளுக்கு எந்த அரசும் வெளிப்படையாக மதிப்பைக் குறைக்கத் துணியவில்லை. 1975 முதல் பல நாட்டு நாணயங்களோடு சேர்த்து ரூபாயின் மதிப்பை நிர்ணயித்தார்கள். 1980-ல் சுமார் 8 ரூபாயாக இருந்த டாலர், 1990-ல் 17 ரூபாயைத் தாண்டியது. ஆனால் கடன் அதைவிட வேகமாக ஏறியது.

1990 ஆகஸ்டு 2-ந்தேதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. எண்ணெய் விலை ஏறியது. குவைத்தில் இருந்த இந்தியர்கள் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் விமானங்களில் ஊர் திரும்பினார்கள். அவர்கள் அனுப்பி வந்த பணம் நின்றது. வெளிநாடு வாழ் இந்தியர்கள் பாங்கிகளில் போட்டிருந்த பணத்தையும் திருப்பி எடுக்கத் தொடங்கினார்கள்.

1991 ஜூன் மாதக் கடைசியில் நாட்டின் கையில் இருந்த அன்னிய செலாவணி 120 கோடி டாலருக்கும் கீழ். மூன்று வார இறக்குமதிக்குக்கூடக் காணாது.

மே மாதமே 20 டன் தங்கம் வெளிநாடு போயிற்று. ஜூலையில் ரிசர்வ் பாங்கி சுமார் 47 டன் தங்கத்தை அடகு வைத்தது. கிடைத்த கடன் சுமார் 40 கோடி டாலர். அப்போது ரிசர்வ் பாங்கி கவர்னர் தமிழ்நாட்டு ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த எஸ்.வெங்கிடரமணன். துணை கவர்னர் சி.ரங்கராஜன்.

ஜூலை 1-ந்தேதியும் 3-ந்தேதியும் இரண்டு தவணையாக மதிப்பு குறைக்கப்பட்டது. சுமார் 21 ரூபாயாக இருந்த டாலர் சுமார் 26 ரூபாய் ஆயிற்று. அந்த ஆண்டு விலைவாசி 13 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மாதச் சம்பளக்காரர்கள் திண்டாடினார்கள்.

ஆனால் 1966 போல இந்த முறை முயற்சி வீண் போகவில்லை. நரசிம்மராவ் பிரதம மந்திரி, மன்மோகன்சிங் நிதி மந்திரி, ப.சிதம்பரம் வர்த்தக மந்திரி. மதிப்பைக் குறைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. ஏற்றுமதி, இறக்குமதி, தொழில் லைசென்சுக் கட்டுப்பாடுகளையும் தளர்த்தினார்கள். அடகு வைத்த தங்கத்தை ரிசர்வ் பாங்கி சில மாதங்களில் மீட்டது. 1994 மார்ச்சில் அன்னிய செலாவணிக் கையிருப்பு 1,900 கோடி டாலரைத் தாண்டியது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. 1993 மார்ச்சு முதல் டாலரின் விலையை அரசு நிர்ணயிப்பதில்லை. சந்தை நிர்ணயிக்கிறது. ஒரே நாளில் வேகமாக விழாதபடி ரிசர்வ் பாங்கி டாலரை விற்றும் வாங்கியும் கவனித்துக்கொள்கிறது. இதனால் இப்போது நடப்பதை "மதிப்புக் குறைப்பு" என்று சொல்வது சரியல்ல. "மதிப்புச் சரிவு" என்பதே சரி.

பான்ஷேத் பாடம்

1961 ஜூலை 12-ந்தேதி பான்ஷேத் அணை உடைந்து புனே நகரம் வெள்ளக்காடானதை முதியவர்கள் மறக்கவில்லை. மதகைத் திறந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்குத் தொந்தரவுதான். ஆனால் அணை உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

நாணய மதிப்பும் அப்படித்தான். அந்தப் பாடத்தை அண்மையில் அனுபவித்த நாடு இலங்கை.

2019 கடைசியில் இலங்கையிடம் 760 கோடி டாலர் கையிருப்பு இருந்தது. அரசு வரிகளைக் குறைத்தது. கொரோனா வந்து சுற்றுலா வருமானம் நின்றது. 2021-ல் ரசாயன உரத்துக்குத் தடை போட்டதால் விளைச்சலும் விழுந்தது. அப்போதும் டாலரின் விலை சுமார் 200 இலங்கை ரூபாய்தான் என்று பிடிவாதமாக வைத்திருந்தார்கள்.

வெளியே அதைவிட அதிக விலை கிடைத்தது. வளைகுடாவில் வேலை செய்த இலங்கையர் பலர் பாங்கியை விட்டு "உண்டியல்" மூலம் பணம் அனுப்பினார்கள். 2020-ல் 710 கோடி டாலராக இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர் பணம், 2021-ல் 550 கோடி டாலராகக் குறைந்தது. விலையைப் பிடித்து வைத்ததே டாலரை விரட்டியது.

2022 மார்ச்சு 7-ந்தேதி பிடியைத் தளர்த்தினார்கள். இரண்டு மாதத்துக்குள் டாலர் 360 ரூபாய் வரை போயிற்று. ஏப்ரல் 12-ந்தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அரசு அறிவித்தது. பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மைல் கணக்கில் வரிசை நின்றது. செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் சுமார் 70 சதவீதம்.

மலையகத் தமிழர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021-ல்தான் அவர்களுக்கு ஆயிரம் ரூபாய் தினக்கூலி வந்தது. டாலர் 200 என்றபோது அது 5 டாலர். 360 ஆனபோது அது 3 டாலர்கூட இல்லை. அவர்கள் சுடும் ரொட்டிக்குக் கோதுமை மாவு வேண்டும். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. முழுவதும் டாலர் கொடுத்து வாங்குவது. அவர்கள் பறிக்கும் தேயிலையோ டாலருக்கு விற்கிறது. டாலர் ஏறியதால் தேயிலைக்கு அதிக ரூபாய் கிடைத்தது. பறித்தவருக்குக் கூலி அப்படியே இருந்தது.

மன்னார், யாழ்ப்பாணம் பகுதிகளில் இருந்து குழந்தை குட்டிகளோடு தனுஷ்கோடிக் கரைக்குப் படகில் வந்தவர்களும் உண்டு. போர் முடிந்து 13 ஆண்டுக்குப் பிறகு அவர்களை விரட்டியது குண்டு அல்ல, விலைவாசி.

2023 மார்ச்சில் சர்வதேச நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. பிறகு விலைவாசி ஏறும் வேகம் அடங்கியது. ஆனால் ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

எதைக் கவனிக்க வேண்டும்?

டாலர் 90 ஆயிற்றே என்று மட்டும் பதறத் தேவையில்லை. 2025 கடைசியில் இந்தியாவின் கையிருப்பு 65 ஆயிரம் கோடி டாலருக்கு மேல் இருந்தது. 1991-ம் ஆண்டோடு ஒப்பிடவே முடியாது.

ஆனால் நாட்டுக்கு ஆபத்து இல்லை என்பதும், தொழிலாளிக்கு நஷ்டம் இல்லை என்பதும் ஒன்றல்ல. சரிவு மெதுவாக நடந்தாலும் எண்ணெயும் பருப்பும் டீசலும் ஏறத்தான் செய்யும். அதைச் சமாளிக்கச் சம்பளமும் கூடவே ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

மத்திய அரசு ஊழியர்களுக்குப் பஞ்சப்படி இருக்கிறது. ஜனவரியிலும் ஜூலையிலும் விலைவாசிப் புள்ளியைப் பார்த்து மாற்றுகிறார்கள். தாமதமாக வந்தாலும் வந்து சேர்கிறது. ரெயில்வே, ராணுவத் தொழிற்சாலை ஊழியர்களுக்கு அந்தக் குடை உண்டு.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தப் பஞ்சப்படி கிடையாது. ஆனால் மராட்டிய மாநிலத்தில் குறைந்தபட்ச சம்பளத்தோடு "விசேஷப் படி" ஒன்று உண்டு. அதையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை விலைவாசிப் புள்ளியை வைத்துத் திருத்துகிறார்கள். அது சம்பளச் சீட்டில் இருக்கிறதா, திருத்திய தொகை ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் தொழிலாளர்கள் குறைவு. பலருக்குச் சம்பளச் சீட்டே கிடைப்பதில்லை.

முதல் வீட்டுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. மகன் அனுப்பும் பணத்தில் கூடுதலாக வருகிற 1,100 ரூபாயை நிரந்தர வருமானம் என்று எண்ணிக் கடன் வாங்கக் கூடாது. 1990 ஆகஸ்டில் குவைத்தில் இருந்து வெறுங்கையோடு திரும்பியவர்களின் குடும்பங்களும் ஜூலை மாதம் வரை பணம் வாங்கிக்கொண்டிருந்தவைதான்.

இரண்டாவது வீட்டுக்காரர் டாலரின் விலையை மாற்ற முடியாது. சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்க முடியும். ஜனவரியிலும் ஜூலையிலும் விசேஷப் படி எவ்வளவு என்று விசாரிக்க முடியும். தனியாகக் கேட்கத் தயக்கம் என்றால் பட்டறையில் உள்ள பத்துப் பேராகச் சேர்ந்து கேட்கலாம். டாலர் ஏறுவதால் வரும் செலவில் ஒரு பகுதியாவது அவருக்குத் திரும்பக் கிடைக்க இப்போதைக்கு அந்த ஒரு வழிதான் இருக்கிறது.