உப்பு ஏறிய கீசர்: ஒட்டுப் போடுவதா, தூக்கிப் போடுவதா?

சென்னைவாசிகளுக்குக் கீசர் ஆறு மாத உறவு! பங்குனி வெயில் வந்தால் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும்போது கீசர் எதற்கு? ஐப்பசி மழை பிடித்து, கைக்குழந்தைக்கோ வயசான மாமியாருக்கோ வெந்நீர் வேண்டும் என்றால்தான் அதன் ஞாபகம் வரும். சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரியும். அரை மணி ஆகியும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டாது.

மெக்கானிக் வருவார். "காயிலை மாத்திட்டாப் போதும்மா, இன்னும் நாலு வருஷம் ஓடும்" என்பார். அடுத்து வருபவரோ, "இதுக்கு இனிமே தண்டச் செலவு பண்ணாதீங்க, புதுசா வாங்கிடுங்க" என்பார். யார் சொல்வது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். கோளாறு எங்கே என்பதுதான் கேள்வி.

பாகம் போனதா, டேங்க் போனதா?

காயில், தெர்மோஸ்டாட், கட்-அவுட், வால்வு, கேஸ்கெட் எல்லாம் மாற்றுவதற்கென்றே உள்ள பாகங்கள். வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் போர் தண்ணீரில் குளிப்பவர்களுக்குத் தெரியும், பக்கெட்டிலேயே வெள்ளை வெள்ளையாக உப்பு படியும். சூடு பட்டால் அந்த உப்பு இன்னும் வேகமாகக் காயில் மேல் ஓடு கட்டும். சூடு தண்ணீருக்குள் இறங்க வழியில்லாமல் காயில் தானே வெந்து கருகிப் போகும். அதற்காக நல்ல டேங்கைத் தூக்கிப் போடுவது வீண்.

டேங்குக்குள் மக்னீசியத் தண்டு ஒன்றும் இருக்கும். டேங்கைத் தின்ன வரும் துருவுக்குத் தன்னைத் தின்னக் கொடுப்பதே அதன் வேலை. அது கரைந்து தீர்ந்துவிட்டால், துரு டேங்கின் மீது பாயும். வருஷத்துக்கு ஒரு தடவை உப்பை வழித்தெடுத்து, தண்டையும் பார்த்து மாற்றினால் கீசருக்கு ஆயுசு கெட்டி. அப்படி ஒரு தண்டு இருப்பதே பல வீடுகளில் தெரியாது!

டேங்கே ஓட்டையானால் கதை முடிந்தது. எனாமல் பூசிய டேங்கில் வெல்டிங் வைத்தால் உள்பூச்சு பொசுங்கி, பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பச்சைத் தண்ணீர் குழாயில் தெளிவாக வந்து, வெந்நீர்க் குழாயில் மட்டும் துருநிறமாக வந்தால் டேங்க் அரிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். குழாய் இணைப்பில் ஒழுகினால் பழுது பார்க்கலாம். இணைப்பெல்லாம் காய்ந்திருக்க, உடம்பிலிருந்தே சொட்டினால் மாற்றத்தான் வேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு. 2,000 வாட் காயில் உள்ள 15 லிட்டர் கீசர், 28 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 20 நிமிஷம் தாராளம். அதற்கு 40 நிமிஷம் ஆனால் உள்ளே ஏதோ கோளாறு!

பத்து வருஷம் தாண்டிய கீசருக்குப் பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தொட்டால், யோசனையே வேண்டாம். மாற்றிவிடுவதே லாபம்.

வால்வோடு விளையாட்டா?

காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று உயிரோடு விளையாடுகிறவர்களும் இருக்கிறார்கள். கீசர் சூடாகும்போது பாதுகாப்பு வால்வில் நாலு சொட்டு தண்ணீர் சொட்டும். சூட்டில் விரியும் தண்ணீருக்கு அதுதான் வழி. "ஒழுகுது, அடைச்சிடுப்பா" என்று எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு! கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்று அதை விட்டுவிட்டு வயரை நேரடியாகச் சேர்ப்பவர்களும் உண்டு. தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? சூட்டை நிறுத்த ஆளில்லை. அழுத்தம் வெளியேற வழியில்லை. பாத்ரூம் சுவரில் தொங்குவது கீசர் அல்ல, வெடிகுண்டு!

"லேசா ஜிவ்வுன்னு ஷாக் அடிக்குது, அவ்வளவுதான்" என்பதும் அப்படியே. ஈர உடம்புக்கு லேசான ஷாக் என்று ஒன்று கிடையாது. அன்றே மெயினை அணைத்து, காயிலையும் எர்த்தையும் சோதிக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. விழுந்தால் அது தொந்தரவு அல்ல, எச்சரிக்கை!

செலவு யார் தலையில்?

இந்த ஒட்டு வேலைகள் ஏன் நடக்கின்றன? வாடகை வீடுகளைப் பார்த்தால் பதில் கிடைக்கும். "நீங்கதானே குளிக்கிறீங்க, நீங்களே ரிப்பேர் பண்ணிக்குங்க" என்பார் வீட்டுக்காரர். "பதினோரு மாச அக்ரிமெண்ட். காலி பண்ணிட்டுப் போற வீட்டுக்கு நான் எதுக்குப் புதுசு வாங்கணும்?" என்பார் குடித்தனக்காரர். இரண்டு பேருக்கும் நடுவே கீசருக்குக் கிடைப்பது மலிவான ஒட்டு!

2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, கீசர் பழுதைக் குடித்தனக்காரர் பொறுப்பில் வைக்கிறது. மின் வயரிங் வேலை வீட்டுக்காரருடையது. ஆனால் பழுது பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு. காயிலுக்கும் கேஸ்கெட்டுக்கும் குடித்தனக்காரர் கொடுக்கட்டும். டேங்க் போனால் புதியது வாங்கித் தருவது வீட்டுக்காரரின் கடமை என்பதே நியாயம். சுவரோடு இருக்கும் அந்தச் சொத்து அவருடையதுதானே? இதை அக்ரிமெண்டிலேயே ஒரு வரி எழுதிக்கொண்டால் மார்கழியில் மல்லுக்கட்டு வராது.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்க்கட்டும், நட்சத்திரத்தையும் எண்ணட்டும். போர் தண்ணீர் வீடு என்று கடைக்காரரிடம் சொல்லி, அதற்கேற்ற டேங்காகக் கேட்கட்டும்.

மழை தொடங்குமுன் ஒருநாள் ஒதுக்கி மெக்கானிக்கை வரவழைப்பது பெரிய விஷயமா? பாகம் போனால் பழுது பாருங்கள். டேங்க் போனால் மாற்றுங்கள். வால்வை மட்டும் அடைக்காதீர்கள்!