ட்ரம்பெட் ஊதியவர் பேர் என்ன?

பழைய பாணி ஜாஸ் குழு என்பது ஆறேழு பேர் கொண்ட சின்னக் கூட்டம். முன்வரிசையில் ட்ரம்பெட், கிளாரினெட், ட்ராம்போன். பின்னால் பாஞ்சோ, ட்யூபா, டிரம்ஸ். ட்ரம்பெட் மெட்டைப் பிடித்துக்கொண்டு நேராக நடக்கும், கிளாரினெட் அதைச் சுற்றிச் சுற்றி ஓடும், ட்ராம்போன் அடியில் இழுத்து இழுத்துத் தாங்கும். மூவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், யாரும் யாரையும் மறிக்கமாட்டார்கள்.

ஒடுகத்தூரில் இந்த வாரம் ஒரு கல்யாண மண்டப வாசலில் ‘பாரம்பரிய ஜாஸ் இசைக்குழு’ என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மேடையில் இருந்தவை ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், ஆளுயர ஸ்பீக்கர் நான்கு. வாராவாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு ரிதம் பேட் மீதான பகை பழைய கதை. அதில் தவில் சத்தம் வரும், தவில்காரர் வரமாட்டார் என்பதோடு இந்த வாரம் நிறுத்திக்கொள்ளலாம்.

எரிச்சல் அங்கேயே அடங்கியிருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை கலைந்துபோன நேரத்தில், மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த பேண்டு செட்டு மண்டபத்துக்கு வெளியே காத்திருந்தது. கிளாரினெட்காரர் ரீடை மட்டும் கழற்றி வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டு, குழலைப் பழைய வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன்கள் ஒன்பது பேருடைய பெயர் இருந்தது. அவர் பெயர் பத்திரிகையிலும் இல்லை, ஃப்ளெக்ஸிலும் இல்லை.

ஜாஸ் பிறந்ததே இப்படிப்பட்ட தெருவாத்தியக்காரர்களிடம்தான். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் சாவு ஊர்வலத்துக்குப் பேண்டு வாசிப்பார்கள். கல்லறைக்குப் போகும்போது இழுவையான துக்கப் பாட்டு, திரும்பும்போது கால் நிற்காத ஆட்டப் பாட்டு. சாவுக்கு மேளம் கட்டும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் கற்றது சிறார் சீர்திருத்த இல்லத்தில். 1912 கடைசி நாளில் தெருவில் துப்பாக்கியால் சுட்டதற்காகப் பிடித்துக்கொண்டுபோய் அங்கே அடைத்தார்கள். கிளாரினெட் மேதை சிட்னி பெஷே கடைசிவரை நோட்டு பார்த்து வாசிக்கப் பழகவில்லை. காதுதான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

இந்தியாவில் கதை நேர் எதிர். 1935இல் லியோன் ஆபி என்ற கறுப்பின அமெரிக்கரின் குழு பம்பாய் தாஜ் ஹோட்டலில் வாசித்தது. பிறகு பியானோக்காரர் டெடி வெதர்ஃபோர்ட் வந்தார். அவர் இந்தியாவிலேயே தங்கி, 1945இல் கல்கத்தாவில் காலராவில் இறந்தார். இவர்களோடு உட்கார்ந்து வாசித்தவர்களில் பெரும்பாலோர் கோவாக்காரர்கள். நரேஷ் ஃபெர்னாண்டஸின் ‘தாஜ்மஹால் ஃபாக்ஸ்ட்ராட்’ புத்தகம் இவர்களைப் பற்றியதுதான். ஏற்கெனவே மூன்று முறை இங்கே தலைகாட்டிய புத்தகம், நான்காவது முறையும் வருகிறது. பம்பாயின் ஜாஸ் காலத்தை ஓட்டல்களின் பளபளப்பாக எழுதிவிட்டுப் போகாமல், வாசித்த ஆட்களைப் பெயர் சொல்லித் தேடிப்போன புத்தகம் என்பதால் அதற்கு இந்தச் சலுகை.

போர்ச்சுகீசியர் ஆட்சியில் கோவாவின் மாதாகோயில்கள் நடத்திய பள்ளிகளில் பையன்களுக்கு ஸ்வரம் படிக்கவும் வயலின் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். நோக்கம் பூசைப் பாடல். விளைந்ததோ வேறு: நோட்டைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் ஒரு கூட்டம். ஊரில் பிழைப்பு இல்லை. சமஸ்தானப் பேண்டு, ராணுவப் பேண்டு, ஊமைப்பட அரங்கு என்று எங்கே கூலி கிடைத்ததோ அங்கே போனார்கள். கடைசியில் பம்பாய் ஓட்டல் மேடை.

கோவாவின் அல்டோனாவில் 1916இல் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ் அந்த மேடையில் சிக் சாக்லேட் ஆனார். ஆம்ஸ்ட்ராங்கைப் போலவே ட்ரம்பெட், அவரைப் போலவே கரகரத்த குரல். ‘இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங்’ என்ற பட்டம் தானாக ஒட்டிக்கொண்டது. ஃபிராங்க் ஃபெர்னாண்டும் ட்ரம்பெட்காரர். 1946இல் முசோரியில் காந்தியைச் சந்தித்தபின், ஜாஸை இந்திய வழியில் வாசிக்க வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது.

பிறகு பம்பாய்க்கு மதுவிலக்கு வந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் குடியை ஒழித்ததோ இல்லையோ, பேண்டுகளின் வருமானத்தில் கைவைத்தது. வாத்தியக்காரர்கள் சினிமாவுக்குத் திரும்பினார்கள். இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக் காட்டுவார். அதை ஐம்பது பேர் வாசிக்கும்படி பிரித்து எழுதித்தர நோட்டு தெரிந்த ஆள் வேண்டும். மாதாகோயில் பாடம் அங்கே சோறு போட்டது. சி. ராமச்சந்திரா இசையமைத்த ‘அல்பேலா’ (1951) படத்தின் ஆட்டப் பாட்டுகளில் கேட்கும் துள்ளல் சிக் சாக்லேட்டின் கைவண்ணம். கோவாவின் மஜோர்டா கிராமத்து வயலின்காரர் அந்தோணி கோன்சால்வஸ், 1958இல் ராகங்களை மேற்கத்திய இசைக்குழுவுக்கு எழுதிக் கச்சேரியே செய்தார். அவர் பெயரை நாடே அறிந்தது 1977இல், ‘அமர் அக்பர் அந்தோணி’ படத்தில். இசையமைப்பாளராகிவிட்ட அவர் மாணவர் பியாரேலால் குருவின் பெயரைப் பாட்டில் வைத்தார். அதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் அது கற்பனைப் பெயர் என்றே நினைத்தார்கள்.

சென்னையிலும் கோடம்பாக்கம் இப்படிப்பட்டவர்களால்தான் ஓடியது. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர் இளையராஜா. அதனால் அந்த ஒரு ஆசிரியரின் பெயர் தப்பியது. ‘புதிய பறவை’ (1964) விடுதிப் பாட்டில் பித்தளை வாத்தியங்கள் அடுக்கடுக்காக எழும்போது ஊதியவர் யார் என்று பட டைட்டிலில் தேடினால் கிடைக்காது.

நம் மரபிலிருந்து ஜாஸ் பக்கம் என்று எதிர்த்திசையில் வந்தவர் கத்ரி கோபால்நாத். தந்தை நாதஸ்வரக்காரர். மகன் மைசூர் அரண்மனைப் பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, கர்நாடக சங்கீதத்தின் கமகம் வழுக்கி வருமாறு அதன் சாவிகளையே மாற்றிக்கொண்டார். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க ஜாஸ்காரர் ஜான் ஹாண்டி அவர் வாசிப்பைக் கேட்டுத் தானே வந்து மேடையில் சேர்ந்துகொண்டார்.

ஒடுகத்தூர்க் கிளாரினெட்காரரின் பூர்வீகமும் அதுவே. “எங்கப்பா நாயனம் வாசிச்சாரு, நான் இத்த புடிச்சிக்கினேன்” என்று சொல்லிவிட்டு ரீடை மாட்டி எழுந்துபோனார். ஊர்வலத்தில் அவர் வாசித்தது பழைய சினிமாப் பாட்டு, இரண்டாம் சரணத்தில் மெட்டை விட்டு விலகித் தன் போக்கில் ஒரு சுற்று சுற்றி, சரியாகத் தாளத்தில் வந்து இறங்கினார். ஃப்ளெக்ஸில் எழுதியிருந்த ஜாஸ் அன்று கேட்டது அந்த ஒரே இடத்தில்.

அடுத்த முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்கிறவர்கள் தாய்மாமன்கள் வரிசைக்குக் கீழே ஒரு வரி இடம் விடலாம்: கிளாரினெட், இன்னார்.