ஏரிக்கரைத் தம்பிக்கு அண்ணன் யார்?



பழவேற்காட்டுக்கு நகரத்தார் போகின்றனர். 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டையின் எச்சத்தையும், எழுத்துப் பொறித்த கல்லறைகளையும் கண்டு வியக்கின்றனர். நீரில் கால் ஊன்றி நிற்கும் பூநாரைக் கூட்டத்தைப் படம் பிடிக்கின்றனர். இறாலும் நண்டும் உண்டு மாலையில் திரும்புகின்றனர். நாமும் போகிறோம். முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் கொடுமையை எடுத்துரைக்கிறோம். துறைமுகம் வளர, குப்பம் குறுகுவதைக் கண்டித்து முழங்குகிறோம். முழங்க வேண்டியதுதான். கடலும் ஏரியும் கலக்கும் வாய் அடைபட்டால் மீன் ஏது? மீனவன் ஏது? ஆனால் கோட்டைக்குப்பத்திலும் கூனங்குப்பத்திலும் கோரைக்குப்பத்திலும், ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை ஒரு கையிலும் அப்பனுடைய வலையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, எதை விடுவது, எதைப் பற்றுவது என்றறியாமல் நிற்கிறானே பதினைந்து வயதுப் பையன், அவனை யார் போய்க் கண்டனர்? அவனைப் பற்றித்தான் இந்த ஞாயிறு உங்களிடம் பேச எண்ணுகிறேன்.

'பாடு' என்றால் துன்பம் என்று நாம் பொருள் கொள்வோம். அந்தக் கரையில் பாடு என்பது ஒரு முறை. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர், இறாலுக்காகக் கழி நட்டு வலை கட்டும் இடங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளக் கண்ட ஏற்பாடு அது. எந்த நாளில் எவர் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வர், முறை மாற்றிக்கொள்வர். தோள்வலி மிக்கவன் என்பதற்காக ஒருவன் நல்ல இடத்தை நாளெல்லாம் வளைத்துக்கொள்ள இயலாது. நலிந்தவன் என்பதற்காக ஒருவனை ஒதுக்கிவிடவும் இயலாது. மீறினால் ஊர் கேட்கும்.

அப்பனின் பக்கத்தில் நின்று இதனைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த சிறுவனுக்குப் பொறுப்பு என்ற பாடத்தைத் தனியே எவரும் நடத்த வேண்டியிருக்கவில்லை. தன் முறை வரும்வரை காத்திருப்பது, பிறன் முறையில் கை வைக்காதிருப்பது, படகில் ஏறியபின் நால்வர் உயிர் தன் கையிலும் இருக்கிறது என்று அறிவது, இவ்வளவையும் அவன் பத்து ஆண்டுகளில் கற்றான். ஊர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊர் தன்னைப் பார்க்கிறது என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது.

பாடு முறைக்குப் பாமாலை சூட்டுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குச் சாதி வேலி உண்டு. அதே ஏரியை நம்பிய தாழ்த்தப்பட்ட மீனவர் தமக்கும் உரிமை கேட்டபோது பூசல் மூண்டது உண்டு. சேற்றில் கைவிட்டு இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு அந்தச் சீட்டில் பெயர் இல்லை. தந்தை பெரியாரின் பாசறையில் வந்த நாம் அதை மறைத்துப் பேசலாகாது. நான் சொல்ல வருவது வேறு. நல்லதோ தீயதோ, பையனை வளர்த்தெடுக்க அந்தக் கரையில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஏரி மேடாகி, மீன் அருகி, எண்ணூரில் அனல் மின்நிலையமும் காட்டுப்பள்ளியில் துறைமுகமும் எழுந்து, அந்த ஏற்பாடு தளர்ந்துவிட்டது. அந்த இடத்தில் வேறு எதை வைத்தார்கள்?

"என்னோடு போகட்டும் இந்தத் தொழில்" என்கிறான் தகப்பன். அதில் நியாயம் இருக்கிறது. பள்ளி அவனை முழுமையாகப் பற்றிக்கொண்டதா என்றால், அதுவும் இல்லை. ஒரு பருவம் பிடிப்பு நன்றாக இருந்தால் வகுப்பில் இடம் காலியாகிறது. பிடிப்பு இல்லாத பருவத்தில் ஒப்பந்தக்காரன் வந்து கூலிக்கு அழைத்துச் செல்கிறான். கையில் காசு வருகிறது. காசு வந்ததும் மது வருகிறது. தம்பி ஆளாகிவிட்டான் என்று ஊர் சொல்கிறது. அவன் ஆளாகிவிட்டானா?

இங்கே ஒரு கேள்வியை எதிர்ப்பாளர் எழுப்பக்கூடும். "படகிலே பாடம் கற்றான் என்று பாராட்டுகிறீரே, இதைத்தானே ராஜாஜி சொன்னார்?" என்பர். இல்லை ஐயா, இல்லவே இல்லை! 1953இல் அவர் கொண்டுவந்த திட்டம், சிற்றூர்ப் பிள்ளைக்கு அரை நாள் பள்ளி போதும், மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைச் செய்யட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயரிட்டு அதைத் தமிழகம் எதிர்த்தது. அவ்வாண்டு சூலைத் திங்களில் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை அது. 1954இல் காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். கடலை அறிவது குற்றமன்று, மகிழ்ச்சிக்குரியது. கடலைத் தவிர வேறொன்றை அறியக்கூடாது என்று விதிப்பதே குற்றம். அந்த விதி செத்துவிட்டது என்று உறங்கிவிடவும் முடியவில்லை. 2016ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம், பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று வழிவிட்டது. 2023இல் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம், கல்லூரிக்குப் போகவேண்டிய பதினெட்டு வயதிலேயே குடும்பத் தொழிலுக்குக் கடன் தருகிறேன் வா என்றது. அதன் பட்டியலில் படகு கட்டுவோரும் உண்டு, மீன்வலை பின்னுவோரும் உண்டு. முன்வாசலில் விரட்டப்பட்டது கொல்லைப்புறமாக வருகிறது, பாருங்கள்!

ஏரியின் அக்கரையில் ஸ்ரீஅரிகோட்டா. 1971 முதல் அங்கிருந்து விண்ணுக்கு ஏவுகணைக் கலம் பாய்கிறது. பாயும் நாளில் மீனவர் கடலுக்குப் போகலாகாது என்று அறிவிப்பு வரும். வலையை உலர்த்திவிட்டு, பையன் கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பான். 2023 சூலை 14இல் நிலவை நோக்கிச் சென்றதே சந்திரயான் 3, அதற்குத் திட்ட இயக்குநராக இருந்தவர் விழுப்புரத்து இரயில்வே தொழிலாளியின் மகன் வீரமுத்துவேல். பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றுப் பின்னர் மேலே படித்தவர். அந்தப் பாதையை இந்தப் பையனுக்குச் சொன்னவர் எவர்? விண்வெளி வேண்டாம், பக்கத்திலேயே பார்ப்போம். பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பெயர் எவருடையதாயினும், அங்கே கற்பிக்கப்படுவது இவன் பாட்டன் அறிந்த மீன்! அதில் சேர எந்தப் பாடப்பிரிவு எடுக்கவேண்டும் என்பது பத்தாம் வகுப்பு முடிக்கும் கோடையில் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். பிந்தித் தெரிந்து பயன் என்ன?

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சென்ற மாணவருக்கு மாதம் 1000 ரூபாய் என்று, 2024 ஆகஸ்ட் 9ஆம் நாள் கழக ஆட்சி கோவையில் தொடங்கியது தமிழ்ப் புதல்வன் திட்டம். பெருமைப்படுகிறோம். ஆனால் அந்தப் பணம் அக்கரையில் காத்திருக்கிறது, தோழர்களே. பையன் மூழ்குவதோ ஒன்பதாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடைப்பட்ட நீரில். அங்கே ஓடம் வேண்டும், ஓட்டுவதற்கு ஆள் வேண்டும்.

பெற்றோர் இல்லையா என்பீர்கள். இருக்கின்றனர், நம்மைவிட அவன்மேல் அன்பு உடையவர்கள். அப்பன் இரவெல்லாம் நீரில் கிடந்து பகலில் கண்ணயர்கிறான். தாய் விடியுமுன் கூடையைத் தூக்குகிறாள், வெயில் சாய வீடு சேர்கிறாள். கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்குத் தந்திருக்கிறது. பாதி பெண்களாக இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல சட்டம். கூட்டத்தை அவள் சந்தையில் இருக்கும் வேளையில் கூட்டினால் அவள் எப்படி வருவாள்? வராதவளைப் "பிள்ளைமீது அக்கறை இல்லாதவள்" என்று ஏசுவது எளிது. அந்தி நேரத்தில் குப்பத்திலேயே கூட்டம் கூட்டுங்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்பது கிளைத் தோழரின் வேலை.

இன்னொன்று. "அவன் ஆண்பிள்ளை, அப்படித்தான் இருப்பான்" என்று தாயே சொல்கிறாள். அக்காள் நீர் சுமக்கிறாள், தம்பி தெருமுனையில் நிற்கிறான். தங்கை அழலாம், அண்ணன் அழக்கூடாது. பெண் விடுதலைக்கு 'ஆண்மை' என்ற கருத்தே அழியவேண்டும் என்றார் பெரியார். அதைப் பெண்ணுக்கான பேச்சு என்றே பலர் ஒதுக்கி வைத்துவிட்டனர். பையனுக்கும் அது விடுதலை! அச்சம் வந்தால் அச்சம் என்று சொல்லவும், தோற்றால் தோற்றேன் என்று வீட்டில் வந்து உரைக்கவும் முடிந்தவனுக்கே தன்மானம் தழைக்கும். சொல்ல முடியாதவன் மதுக்கடையில் சொல்வான். அல்லது நாளை மனைவிமீது கை ஓங்குவான்.

தம்பி என்றழைத்து ஒரு தலைமுறையைப் படிக்க வைத்தார் அண்ணா. 1949இல் இராயபுரத்து ராபின்சன் பூங்காவில், இதே கடற்கரை ஓரத்தில், பிறந்தது நமது கழகம். படிப்பகங்களில் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டிய தோழர், பக்கத்தில் அமர்ந்திருந்த சிறுவனுக்கு அண்ணனாக இருந்தார். இன்று கிளைத் தோழர் அந்தச் சிறுவனைத் தேடுவது எப்போது? சுவரொட்டி ஒட்டவும், கொடி கட்டவும், ஊர்வலத்தில் வண்டி ஓட்டவும் என்றால், வெள்ளித்திரை வீரனின் மன்றத்துக்கும் நமது மன்றத்துக்கும் என்ன வேறுபாடு? தேர்தல் இரவில் அவன் கையில் புட்டியைத் திணிப்பவன் எக்கட்சிக்காரனாயினும் அவன் பகைவன். நமது கட்சிக்காரனாயின் இருமடங்கு பகைவன்.

பொன்னேரி வட்டாரத் தோழர்கள் குப்பம் குப்பமாகப் போய் ஒரு கணக்கு எடுக்க வேண்டுகிறேன். பதின்மூன்று முதல் பதினெட்டு வரை வயதுடைய பையன்கள் எத்தனைபேர், எவன் பள்ளியில் இருக்கிறான், எவன் நின்றுவிட்டான், ஏன் நின்றான், சாதிச் சான்றிதழ் எவனிடம் இல்லை என்று எழுதுங்கள். இருளர் குடியிருப்பையும் விட்டுவிடாதீர்கள். ஐந்து பையனுக்கு ஒரு தோழர் என்று பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். திங்களுக்கு ஒருமுறை அவன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அப்பன், ஆத்தாள், பையன் மூவரோடும் பேசுங்கள். அறிவுரை குறையட்டும், கேட்பது மிகட்டும். அந்தப் பட்டியலைப் படிப்பகச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள்; ஒவ்வொரு பெயரும் ஒரு வீட்டின் மானம். அது கிளைச் செயலாளரின் சட்டைப் பையில் இருக்கட்டும்.